எண்ணாமல் ஏற்றிய நண்டு

பூநகரியில் நண்டு லொறி ஓட்ட வருகிறவரிடம் முதலாளிமார் முதலில் கேட்பது லைசென்ஸை அல்ல. "எந்தக் கணக்கில ஓடப் போறீர்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மறுமொழி தேடித்தான் போன மாதம் நிரோஜன் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றான். பக்கத்து ஒழுங்கையில் கலியாணம் முடித்து வந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதுவரை தனியார் பஸ் ஓட்டினவன். நான் கண் மங்கி ஓட்டத்தை விட்டு வீட்டில் இருக்கிறவன். வேலை இல்லாதவனிடம்தான் எல்லோரும் வேலையைப் பற்றிக் கேட்க வருகிறார்கள்.

"அண்ணை, மூண்டு கணக்குச் சொல்லுகினம். நாளைக்குள்ள ஒண்டைச் சொல்லவேணுமாம். எதை எடுக்கிறது?"

வெளியாட்களுக்கு இது விளங்காது, ஆகவே சொல்லிவிடுகிறேன். கடலோரக் களப்பில் பிடிக்கும் பெரிய களிநண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. செத்தால் நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். காலையில் பூநகரியில் ஏற்றினால் வெயில் ஏறுமுன் வவுனியாவில் கொம்பனி வாசலில் இறக்கவேண்டும். அங்கிருந்து விமானத்துக்குப் போகும். இந்த அவசர ஓட்டத்துக்கு மூன்று விதமாகக் கூலி கொடுப்பார்கள். ஒன்று மாதச் சம்பளம். நண்டு செத்தாலும் பிழைத்தாலும் அது வரும், ஆனால் கொஞ்சம்தான் வரும். அடுத்தது ஓட்டக் காசு. போய் வந்தால் உண்டு, லொறி நின்றால் இல்லை. மூன்றாவதுக்கு உயிர்க்கணக்கு என்று பெயர். வவுனியாவில் இறக்கும்போது உயிரோடு இருக்கிற ஒவ்வொரு நண்டுக்கும் இவ்வளவு என்று கிடைக்கும். நல்ல ஓட்டக்காரனுக்கு மற்ற இரண்டையும்விட இதில்தான் அதிகம் வரும். அதனால் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள்.

"மாதச் சம்பளத்தை எடு," என்றேன்.

நிரோஜன் சிரித்தான். "உங்களைப் பயந்தாங்கொள்ளி எண்டு நண்டு வாடியில பகிடி பண்ணுகினம். உண்மைதான் போல."

"ஓம், பயந்தனான்தான். எதுக்குப் பயந்தனான் எண்டு கேளன்."

கேட்க அவனுக்கு நேரமில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றவேண்டும் என்று மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். சொல்ல வந்தது மிச்சமாய் நின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நெடுங்கேணிப் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டித் திரிந்தவன். சண்டை முடிந்து முகாமால் வெளியே வந்தபோது இயந்திரமும் இல்லை, உழக் காணிக்குள் இறங்கவும் விடவில்லை. மனைவி வசந்தியின் சொந்தக்காரர் பூநகரியில் இருந்தார்கள். அங்கே வந்து ஒரு தறப்பாள் கொட்டில் போட்டோம். ஒருவரின் மணல் லொறியில் ஏறி இறங்கி ஓட்டம் பழகினேன். இரண்டு தடவை மதகில் இடித்தேன், மூன்றாவது தடவை இடிக்கவில்லை, படிப்பு முடிந்தது.

அப்போது களப்போரத்தில் நண்டு வாங்குகிற வாடி ஒன்றுதான் பெரிதாக இருந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதை நடத்தினவர் தவமணி அக்கா. மெலிந்த மனுசி, சேலைக்கு மேலே ஆம்பிளைச் சேட் ஒன்று போட்டிருப்பா. அவா பேசினால் குனிந்துதான் கேட்கவேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். ஆனால் அந்தக் குரலுக்கு வாடி முழுக்க அடங்கும். ஓட்டுநர் நிற்கும்போது அவா கதிரையில் இருந்து நான் ஒருநாளும் காணவில்லை. கையால் நண்டைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவாமல் காசைத் தொடமாட்டா.

"ஒரு மாதம் உயிர்க்கணக்கில ஓடிப் பாரும் தம்பி," என்றா. "மாதம் முடியச் சொல்லும், எந்தக் கணக்கு உமக்கு ஒத்துவருது எண்டு."

வசந்திக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. "இஞ்சேருங்கோ, உயிரை எண்ணிக் காசு வாங்கிறதோ?"

"மாரிக்கு முதல் கூரை போடவேணும். மாதச் சம்பளத்தில கூரை வருமோ?"

அவள் மேலே தறப்பாளைப் பார்த்தாள். அதில் நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தன.

ஏற்றுகிற முறையை அக்கா தானே நின்று காட்டினா. நண்டின் இரண்டு கொடுக்கையும் மடக்கி நீல நைலோன் நூலால் கட்டவேண்டும். இறுக்கினால் கால் கழலும், தளர்ந்தால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். கூடைக்குள் வயிறு கீழே இருக்க அடுக்கி, களப்புத் தண்ணீரில் தோய்த்த சாக்கால் மூடவேண்டும். தண்ணீர்க் கானும் களப்பிலேயே நிரப்பிக்கொண்டு போகவேண்டும். வழியில் யார் அன்பாகக் கிணற்றுத் தண்ணீர் தந்தாலும் ஊற்றக்கூடாது, உப்பில்லாத தண்ணீரில் நண்டு செத்துவிடும்.

பிறகு எண்ணுவா. எங்கள் பக்கத்தில் நெல் அளப்பவர்கள் செய்வதுபோல ஒன்று என்று சொல்லமாட்டா. "லாபம், ரெண்டு, மூண்டு" என்று போகும். எல்லாம் எண்ணி முடிந்து, கணக்கைச் சொல்லி, நானும் தலையாட்டின பிறகு, இன்னுமொரு நண்டை எடுப்பா. அதை மட்டும் நைலோனால் கட்டமாட்டா. பனை நாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டுவா. அதை எண்ணாமல் கடைசிக் கூடையின் மூலையில் வைப்பா.

"இது கணக்கில இல்லை. கொம்பனிக்கும் குடுக்கிறேல்லை. போயிட்டுத் திரும்பி வரவேணும்."

முதல்நாள் இதென்ன விசர் வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் முதலாளி சொன்னால் செய்வதுதானே.

கடைசியாகச் சொன்னதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. முறிகண்டியில் எல்லா வாகனமும் பிள்ளையாருக்கு நிற்கும். நானும் அங்கே நின்று தேங்காய் உடைத்து, சாக்குகளை நனைத்து, என்ஜினை நிற்பாட்டிவிட்டுப் லொறியின் பின்பெட்டியில் காது வைக்கவேண்டும். உயிருள்ள நண்டு வாயில் நுரை தள்ளும். அந்த நுரை வெடிக்கிற சத்தம் நிறைய நண்டு சேர்ந்தால் ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கருக்குள் சனம் குசுகுசுப்பது மாதிரி இருக்கும். சத்தம் குறைந்தால் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பங்கரில் இருந்து எழும்பி வந்தவனுக்கு அந்தச் சத்தத்தை நின்று கேட்பது சுகமான வேலை இல்லை. கேட்காமல் விடவும் ஏலாது, அது என் கூலி.

திரும்பி வரும்போது அக்கா களப்போரத்தில் நிற்பா. லொறி நின்றதும் வேறெதுவும் கேட்கமாட்டா.

"வந்திட்டானோ?"

"வந்திட்டான் அக்கா," என்று நான் சொல்லவேண்டும். பனை நார் நண்டை எடுத்துக் கொடுப்பேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நாரை அவிழ்த்துத் தண்ணீரில் விடுவா. பிறகுதான் எத்தனை உயிர் சேர்ந்தது என்று கேட்பா.

ஒருநாள் நானே வாயைத் திறந்து கேட்டேன். அவா கையைக் கழுவிக்கொண்டு நின்றா, கழுவுவதை நிற்பாட்டவில்லை.

"சண்டை முடிய எல்லாரையும் வெட்டவெளியில வரிசையா விட்டு ஆமிக்காரர் எண்ணிச்சினமெல்லோ தம்பி. நீரும் நிண்டிருப்பீர். என்ர மகனும் நிண்டவன். எனக்கு முன்னுக்கு எண்ணினவை. நான் என்ர கண்ணால பாத்தனான். எண்ணினது வந்து சேரேல்லை. அதுதான் ஒண்டையாவது எண்ணாமல் அனுப்புறன். எண்ணாதது வந்து சேருதோ எண்டு பாப்பம்."

நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஏ-ஒன்பது வீதியால் வவுனியாவுக்குப் போகும்போது வலது கைப்பக்கம் அந்த வெளி வரும். இப்போது அதில் மாடு மேய்கிறது. அன்றைக்குச் சாக்குகளை மடித்துக்கொண்டு நின்றேன்.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போதுதான் அந்த ஓட்டம் வந்தது. முதல்நாள் மழையும் காற்றும். மாங்குளம் தாண்டிக் காட்டு வீதியில் பாலை மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் வாகனங்கள், திருப்ப இடமில்லை. மழை விட்ட பிறகு அடிக்கிற வெயில் மிகவும் பொல்லாதது. கான் தண்ணீர் முழுக்க ஊற்றி முடித்தேன். வீதியோரக் குடிசை மனிதர் ஒருவர் இரண்டு வாளி கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, "ஊத்துங்கோ தம்பி, பாவம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உச்சி வெயிலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். குசுகுசுப்பு மெலிந்துகொண்டே போனது. மரத்தை வெட்டி இழுத்துப் பாதை விட்டபோது பெட்டிக்குள் அரைவாசிச் சத்தம் அடங்கியிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது நண்டு சாகிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வவுனியாவில் கொம்பனியில் எண்ணுகிறவர் றப்பர் சப்பாத்துப் போட்ட, தங்கமான மனிதர். அங்கே ஒரு விதி இருந்தது. ஏற்றினதில் பாதிக்குக் குறைந்து உயிர் இருந்தால், உயிர்க்கணக்குக்காரனுக்கு அந்த ஓட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எண்ணினார். பாதிக்கு ஒன்று குறைந்தது.

என் கூரை அந்த ஒன்றில் தொங்கியது. அவரும் என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மூலையில் பனை நாரோடு நுரை தள்ளிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

"அங்க ஒண்டு நல்ல உசாரா நிக்குதே. அதையும் போடும், கணக்குச் சரி."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அதைக் கையில் எடுத்தும்விட்டேன். நார் ஈரமாக இருந்தது. அந்த வெளியில் வரிசையில் நின்றபோது முன்னுக்கு நின்றவரின் சேட் முதுகில் ஒட்டியிருந்த ஈரம் ஏனோ ஞாபகம் வந்தது.

"இல்லை ஐயா. இது எண்ணுறதுக்கில்லை. இது திரும்பிப் போறது."

"உமக்கு விசரோ?" என்றார். அதுதான் எனக்கும் சந்தேகம்.

வெறும் கூடைகளும் ஒரு நண்டுமாகத் திரும்பினேன். வெயில் நல்லாய் இருந்தது, வீதியில் பஸ்களும் ஓடின, பயப்பட ஒரு காரணமும் இல்லை. அந்த வெளியைத் தாண்டும்போது பின்னுக்குக் குசுகுசுப்புக் கேட்டது. ஒரு நண்டின் சத்தம் எனக்குத் தெரியும். இது ஒன்றல்ல. பெட்டி நிறைய ஏற்றினாலும் இவ்வளவு சத்தம் வராது.

ஓரம் கட்டி என்ஜினை நிற்பாட்டினேன். சத்தம் நிற்கவில்லை. இறங்கிப்போய்க் கதவைத் திறந்தேன். கூடைகள் எல்லாம் வெறுமை. நடுச் சாக்கில் அந்த நண்டு ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது. அது நுரை தள்ளவில்லை. சத்தமோ வெறும் கூடைகளுக்குள் இருந்து வந்தது. பிள்ளைகள் கதைக்காமல் இருக்கவேண்டும் என்று தாய்மார் சொல்வது மாதிரி, அதையும் மீறிப் பிள்ளைகள் கதைப்பது மாதிரி. ஓடவேண்டும் போலவும் இருந்தது, ஓடினால் இவர்களை விட்டுவிட்டுப் போகிறேன் என்றும் இருந்தது. கதவைச் சாத்தினேன், ஆனால் பூட்ட மனம் வரவில்லை. கொழுக்கியை மட்டும் மெல்லப் போட்டேன்.

லொறி பாரமாகிவிட்டது. வெறும் லொறி எப்படி இழுக்கும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். மாங்குளத்து ஏற்றத்தில் கியரைக் குறைத்துத்தான் ஏறவேண்டி வந்தது. பள்ளங்களில் பாரம் தாங்குகிற பின்வில் அமிழ்ந்து அமிழ்ந்து எழும்பியது.

முறிகண்டியில் வழக்கம்போல நின்றேன். தேங்காய் உடைத்தேன். அங்கே வறுத்த கச்சான் கடலை விற்கிற மனுசி கூடையைத் தூக்கிக்கொண்டு லொறிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு என்னிடம் வந்தாள்.

"தம்பி, பின்னுக்கு நிறையச் சனம் போல. குழந்தையளும் கதைச்சுக் கேக்குது. கச்சான் வேண்டிக் குடுங்கோவன்."

எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் வந்த பயம் இதுவரை என் வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை, ஷெல் விழுந்தபோதுகூட. ஒரு பெரிய பை கச்சான் வாங்கினேன். கதவைக் கொஞ்சம் திறந்து, உள்ளே பார்க்காமல் சாக்கின் மேல் வைத்தேன்.

வாடிக்கு வந்தபோது அக்கா தண்ணீரோரம் நின்றா.

"வந்திட்டானோ?"

"வந்திட்டான் அக்கா." இறங்கிக் கதவோரம் நின்றேன். "தனிய வரேல்லை."

அவா என்னைப் பார்த்தா. லொறியின் பின் சில்லுகளைப் பார்த்தா, அவை அமிழ்ந்துபோய் நின்றன. போய்க் கதவைத் திறந்தா. பஸ்ஸால் இறங்குகிற ஆட்களுக்கு வழி விடுவது மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றா.

"இறங்குங்கோ," என்றா அந்த மெல்லிய குரலில். "எல்லாரும் இறங்குங்கோ. இஞ்ச ஒருத்தரும் எண்ணமாட்டினம்."

பின்வில் கிறீச்சிட்டது. லொறி மெல்ல மெல்ல மேலே எழும்பியது, ஒவ்வொருவராக இறங்கினால் எழும்புமே, அப்படி. காற்றில்லாத நேரத்தில் களப்பின் ஓரத் தண்ணீர் அலம்பியது. பிறகு சத்தம் இல்லை. அக்கா நாரை அவிழ்த்து நண்டை விட்டா. கச்சான் பையைக் கண்டா, பிரித்துக் கரை நீளத்துக்குத் தூவிவிட்டா. அவா அழுதது எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

அடுத்தநாள் காலையில் மாதச் சம்பளம் கேட்டேன். "ஏன் தம்பி, கூரை?" என்றா. "உயிரை எண்ணிக்கொண்டு என்னால ஓட ஏலாது அக்கா" என்றேன். அந்த மாரி முழுக்க நனைந்தோம். வசந்தி சட்டிகளை ஒழுக்குக்கு வைத்துவிட்டு, "உங்கட பெரிய சம்பளக்காரனைப் பாருங்கோ" என்று மழைக்குச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஒருநாளும் என்னைக் கணக்கை மாற்றச் சொல்லவில்லை. கூரை அடுத்த வருசம் வந்தது.

அப்படி ஒரு திரும்பல் எனக்குப் பிறகு வரவில்லை. அதற்குப் பிறகும் பனை நார் நண்டு ஒவ்வொரு ஓட்டத்திலும் போய் வந்தது. ஒன்றுதான் போகும், ஒன்றின் சத்தம்தான் திரும்பும். அக்கா ஒவ்வொரு நாளும் "வந்திட்டானோ" என்றுதான் கேட்டா. அவவின் மகனைப் பற்றி ஒரு செய்தியும் வராமலே அவா போய்ச் சேர்ந்தா. வாடி வேறு கைக்கு மாறியது. இப்போது கொடுக்குக்கு றப்பர் வளையம் போடுகிறார்கள், பெட்டிக்குள் சூடு பார்க்கிற கருவி, லொறி எங்கே நிற்கிறது என்று முதலாளியின் போனில் தெரியும். காது வைத்துக் கேட்கிறவர் ஒருவரும் இல்லை. நார் ஊறவைக்கிறவரும் இல்லை.

இந்த இடத்தோடு எழுதி முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நிரோஜன் நான் சொன்னதைக் கேட்காமல் உயிர்க்கணக்கையே எடுத்தான் என்று கேள்விப்பட்டேன். கோபம் இல்லை, அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். முந்தாநாள் அவனுடைய முதல் ஓட்டம். மத்தியானம் வவுனியாவில் இருந்து போன் எடுத்தான்.

"அண்ணை, ஒண்டும் சாகேல்லை. ஆனா ஏத்தினதைவிட ஒண்டு கூட நிக்குது. அதுக்கு றப்பர் இல்லை, ஏதோ நாரால கட்டியிருக்கு. வாடியில கேட்டன், தாங்கள் கட்டேல்லையாம். இஞ்ச எண்ணட்டோ எண்டு கேக்கினம். எண்ணினால் எனக்குத்தான் காசு."

"ஈரமாயிருக்கோ நார்?"

"ஓம் அண்ணை. இப்ப கட்டின மாதிரி."

"நிரோஜன், அதை எண்ண விடாதை. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். அதைத் திருப்பிக் கொண்டு வா. முறிகண்டியில நிப்பாட்டிக் கச்சான் வேண்டு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். போனை வைத்துவிட்டான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத் திரும்ப எடுத்தான். முறிகண்டிக் கோயில் மணி கேட்டது. அவன் குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"அண்ணை... கச்சான் எவ்வளவு வேண்டிறது?"

"இருக்கிறதெல்லாத்தையும் வேண்டு," என்றேன்.

வசந்தியைக் கையைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டு களப்பங்கரைக்குப் போனேன். வெயில் இறங்காத பின்னேரம். லொறி மெல்ல, அமிழ்ந்துகொண்டு வந்தது. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பாரத்தில் வருகிற லொறியின் சத்தம் எனக்குத் தெரியும். அது நின்றது. நிரோஜன் இறங்கி நிற்பது நிழலாகத் தெரிந்தது.

"வந்திட்டானோ?" என்று கேட்டேன். கேட்ட குரல் என்னுடையதுபோல இருக்கவில்லை.

"வந்திட்டான் அண்ணை," என்றான் நிரோஜன். பிறகு பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து, ஒரு பக்கம் ஒதுங்கி, வழி விட்டு நின்றான். அதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவே இல்லை.